ஜப்பானில் சின்னப் பிள்ளைகளோடு ஒரு மரபுச் சாப்பாடு: விடுதியா, கோயிலா, பானையா?

பெரியவளுக்கு 6 வயது, சின்னவனுக்கு 3. கூட வந்த அத்தை, அதாவது கணவரின் அம்மா, மீன் வாசனைகூட ஆகாத சுத்த சைவம். இப்படி ஐந்து பேர் பத்து நாள் ஜப்பானில் சுற்றப் போகிறோம் என்று முடிவானதும், டிக்கெட், ஹோட்டல் எல்லாவற்றையும்விட எனக்கு அதிகம் யோசனையாக இருந்தது ஒரு விஷயம்தான். அந்த ஊரின் மரபுச் சாப்பாட்டை ஒரு வேளையாவது எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பிள்ளைகளுக்குப் பொரித்த உருளைக்கிழங்கை வாங்கிக் கொடுத்துவிட்டு நாங்கள் மட்டும் ருசி பார்க்கிற மாதிரி ஆகிவிடக் கூடாது. எங்கள் தட்டில் இருப்பதில் ஒரு வாயாவது அவர்களுக்கும் போக வேண்டும்.

தேடியபோது ஐந்து வழிகள் தெரிந்தன. ரியோகான் எனப்படும் பழைய பாணி விடுதியில் தங்கி, வரிசையாக வரும் கைசெகி விருந்தைச் சாப்பிடலாம். கோயா மலையில் கோயிலிலேயே தங்கி, அங்கே துறவிகள் பரிமாறும் சைவச் சாப்பாட்டைச் சாப்பிடலாம். நடுவில் பானையை வைத்து ஆளாளுக்கு எடுத்துச் சாப்பிடும் நாபே இருக்கிறது. சுழலும் பட்டையில் வரும் சுஷி இருக்கிறது. பென்டோ எனப்படும் கட்டுச்சாப்பாட்டுப் பெட்டியை வாங்கி ரயிலில் பிரிக்கவும் செய்யலாம். எதை விடுவது என்று தெரியாமல் கடைசியில் ஐந்தையுமே சாப்பிட்டுப் பார்த்தோம். இரண்டு வேளைகள் நான் நினைத்ததைவிட மிக நன்றாக அமைந்தன. அதிகச் செலவு செய்த வேளை அந்த இரண்டில் ஒன்று இல்லை.

மரபுச் சாப்பாடு என்றதும் பலருக்கும் கைசெகிதான் நினைவுக்கு வருகிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் 2013ல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது வஷோகு என்னும் ஜப்பானிய உணவுப் பண்பாடு முழுவதையும். அந்தப் பதிவின் தலைப்பிலேயே தனியாகக் குறிப்பிடப்படுவது புத்தாண்டுக் கொண்டாட்டம், அதாவது குடும்பம் கூடிச் சாப்பிடும் நாள். அன்றாட வடிவத்தில் வஷோகு என்பது சோறு, ஒரு சூப், மூன்று பக்க உணவு, கொஞ்சம் ஊறுகாய். இதை ‘இச்சிஜூ சன்சாய்’ என்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குத் தேர்வு கொஞ்சம் எளிதானது. பத்து வகை வரும் விருந்தைத்தான் தேட வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது.

முதலில் கடிகாரம், அப்புறம் மெனு

ஜப்பான் நேரம் நம் நேரத்தைவிட மூன்றரை மணி முன்னால் இருக்கிறது. பெரும்பாலான ரியோகான்களில் இரவுச் சாப்பாடு 6 மணிக்கோ ஆறரைக்கோ தொடங்கும். சென்னையிலிருந்து நேற்று வந்திறங்கிய பிள்ளையின் வயிற்றுக்கு அது மதியம் இரண்டரை மணி. அங்கே மதியச் சாப்பாட்டைக் கொஞ்சமாக முடித்துவிட்டால், அந்த நேரத்தில் நல்ல பசியில் இருப்பார்கள். ஆனால் காலை ஏழரைச் சாப்பாடு அவர்களுக்கு விடியற்காலை நாலு மணி. எழுப்பி உட்கார வைத்தால் அழுகைதான். நான்கைந்து நாள் போனால் உடம்பு பழகிவிடும், அப்போது கணக்கு தலைகீழாகும்: காலைச் சாப்பாடு சுலபமாகும், மாலை 7 மணிக்கெல்லாம் கண் சொருகும். அதனால் எந்தச் சாப்பாடு என்று கேட்பதோடு, பயணத்தின் எத்தனையாவது நாளில் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு மணி நேர வித்தியாசம்தான், இந்தக் கவலை கிடையாது.

அடுத்தது, எவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்பது. என் சின்னவன் முப்பது, நாற்பது நிமிடம் தாங்குவான். அதற்கு மேல் மேசைக்கு அடியில் போய்விடுவான். மூன்றாவது, தனியறை உண்டா என்பது. ஜப்பானில் இதற்குக் ‘கோஷிட்சு’ என்று பெயர், முன்பதிவில் இந்தச் சொல்லைத் தெரிந்து வைத்திருப்பது மிகவும் உதவும். ஜப்பானிய உணவகங்களில் யாரும் நம்மை முறைக்கப் போவதில்லை. ஆனாலும் பக்கத்தில் எல்லோரும் மெல்லப் பேசிக்கொண்டு சாப்பிடும்போது பிள்ளையை அடக்கிக்கொண்டே இருந்தால் நமக்கு ஒரு வாய்கூட ருசிக்காது.

நான்காவது, டாஷி. கட்சுவோபுஷி என்று ஒரு பொருள் இருக்கிறது. சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டையாகக் காயவைத்துச் சீவியது. நம் தென்கோடிக் கடற்கரையிலும் இலங்கையிலும் மாசி என்பார்களே, அதன் நெருங்கிய சொந்தம். அதையும் கொம்பு என்ற கடற்பாசியையும் போட்டு இறக்கும் சாறுதான் டாஷி. மிசோ என்ற புளிக்கவைத்த சோயா விழுதில் செய்யும் சூப், உடோன் நூடுல்ஸின் சாறு, காய்கறிக் கூட்டு, டெம்புரா என்ற பஜ்ஜி போன்ற பொரியலைத் தோய்க்கும் சாறு, சுருட்டிய முட்டை ஆம்லெட் என்று எல்லாவற்றிலும் அது இருக்கும். ‘இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்’ என்று சொன்னால்கூட டாஷியை மீனாக நினைக்காதவர்கள் அங்கே நிறைய. வீட்டில் சைவர் ஒருவர் இருந்தால் டாஷியைப் பெயர் சொல்லித் தனியாகக் கேட்டே ஆக வேண்டும்.

ரியோகானில் கைசெகி

ஹக்கோனே என்ற வெந்நீர் ஊற்று ஊரில், பயணத்தின் ஏழாம் நாள். எங்கள் பட்ஜெட்டில் பெரிய செலவு இதுதான். இரண்டு வேளைச் சாப்பாட்டோடு ஓர் இரவுக்கு, பெரியவர் ஒருவருக்கு 15,000 யென்னிலிருந்து 40,000 யென் வரை பரவலாகக் கேட்கிறார்கள். பிள்ளைகளுக்கு விடுதிகள் பலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. பெரியவர்களுக்கான சாப்பாட்டையே அளவு குறைத்துக் கொடுத்தால் பெரியவர் கட்டணத்தில் 70 விழுக்காடு, தனியான குழந்தைச் சாப்பாடு என்றால் 50, சாப்பாடு இல்லாமல் படுக்கை மட்டும் என்றால் 30. இதில் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் பகிர்ந்து சாப்பிடுவதா இல்லையா என்பதே இருக்கிறது. அது எனக்கு அப்போது புரியவில்லை. பெரியவளுக்கு 50 விழுக்காட்டை டிக் செய்தேன்.

வந்தது ஒகோசாமா ரஞ்ச். ஹம்பர்க் எனப்படும் கொத்திறைச்சி வடை, பொரித்த இறால், கெச்சப் சோறு, அதன் மேல் ஒரு குட்டிக் கொடி, புட்டிங். 1930ல் டோக்கியோ நிஹோன்பாஷியில் உள்ள மிட்சுகோஷி கடையின் உணவகத்தில் தொடங்கிய தட்டு இது. ஜப்பானியப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக ஆசைப்பட்டுச் சாப்பிடுவது. குறையாகச் சொல்ல அதில் எதுவும் இல்லை, அழகாகவே இருந்தது. ஆனால் எங்கள் முன்னால் இலை வடிவத் தட்டிலும் மூடி போட்ட அரக்குக் கிண்ணத்திலும் ஒவ்வொன்றாக வந்து இறங்க, பெரியவள் தன் தட்டையும் எங்கள் தட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “என்னோடது மட்டும் ஏன் வேற?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எதற்காக இவ்வளவு தூரம் வந்தோமோ, அதையே நான் ஒரு டிக்கில் விட்டுவிட்டேன் என்று தோன்றியது.

கைசெகியின் அழகு அதன் நிதானம். முதலில் கடி அளவு ஒரு சிற்றுணவு, பிறகு பருவத்தைக் காட்டும் தட்டு, தெளிந்த சூப், பச்சை மீன், சுட்டது, வேகவைத்தது, பொரித்தது, கடைசியில்தான் சோறும் மிசோ சூப்பும் ஊறுகாயும். ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். சின்னப் பிள்ளைகளுக்கு வயிற்றை நிரப்புவது சோறு. அது கடைசியில் வருகிறது என்பதைக் கவனியுங்கள். நாங்கள் நாலரைக்கு வெந்நீர் ஊற்றில் குளித்துவிட்டு ஆறு மணிக்கு உட்கார்ந்தோம். குளியலின் சுகத்தில் சின்னவன் மூன்றாவது தட்டு வரும்போது என் மடியில் தூங்கிவிட்டான். பரிமாறிய அம்மா ஒன்றும் சொல்லாமல் ஒரு மெத்தையை இழுத்துப் போட்டு, அவனைப் படுக்க வைக்கச் சொன்னார். சாப்பாடு முடிந்ததும் மிச்சச் சோற்றில் இரண்டு ஓனிகிரி உருண்டை பிடித்து, நோரி என்ற கடற்பாசித் தாள் சுற்றி, மூடி வைத்துவிட்டுப் போனார். இரவு பத்தரைக்கு எழுந்து அதை முழுவதும் சாப்பிட்டான்.

இன்னொன்று, இது நெருப்புச் சங்கதி. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு குட்டி அடுப்பும் அதன் மேல் ஒரு சட்டியும் வைத்து, மெழுகு போன்ற எரிபொருள் வில்லையைப் பற்ற வைப்பார்கள். டடாமி என்ற பாய் விரித்த தரையில் தாழ்வான மேசை என்பதால் அது மூன்று வயதுப் பிள்ளையின் மூக்கு உயரத்தில் எரியும். முன்கூட்டியே சொன்னால் அதைச் சமைத்தே கொண்டுவருவார்கள். அதே போல, எல்லாத் தட்டையும் இரண்டு தடவையில் கொண்டுவரச் சொல்லலாம், சோற்றை முதலிலேயே கேட்கலாம், பச்சை மீனைச் சமைத்துத் தரச் சொல்லலாம். ஜப்பானியப் பெற்றோர் பலரும் மூன்று வயது வரை பச்சை மீன் கொடுப்பதில்லை.

அத்தைக்கு அங்கே அவ்வளவு நன்றாக அமையவில்லை. சைவம் என்று எழுதியிருந்தோம், டாஷியைப் பற்றி எழுதவில்லை. காய்கறிகள் அத்தனையும் மீன் சாற்றில் வெந்திருந்தன. அத்தை வெறும் சோறும் ஊறுகாயும் டோஃபு என்ற சோயாக் கட்டியும் சாப்பிட்டார். “பரவாயில்லம்மா, நீ சாப்பிடு” என்று அவர் சொன்னது எனக்கு இன்னும் வலிக்கிறது. ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தால் அவர் பட்டினி கிடந்திருக்க மாட்டார்.

ஆனால் அதே விடுதியின் காலைச் சாப்பாடு வேறு மாதிரி இருந்தது. எட்டு மணிக்கு எல்லாம் ஒரே தடவையில் மேசைக்கு வந்துவிட்டது. சுட்ட சால்மன், முட்டைச் சுருள், நோரித் தாள், டோஃபு, கீரை, உமெபோஷி என்ற உப்புப் பழ ஊறுகாய், நட்டோ என்ற புளித்த சோயா, மரத் தொட்டியில் சூடான சோறு, மிசோ சூப். பிள்ளைகள் என்ன இருக்கிறது என்று ஒரே பார்வையில் பார்த்து, தங்களுக்கு வேண்டியதைச் சுட்டிக் காட்டினார்கள். நோரியில் சோற்றை வைத்துச் சுருட்டிக் கொடுத்தால் சின்னவன் கையில் பிடித்துத் தானே சாப்பிட்டான். நட்டோவின் நூல் இழுபடுவதைப் பெரியவள் கண் விரியப் பார்த்தாள், ஒரு பருப்பைத் தின்று பார்த்துவிட்டு இன்னொன்று கேட்டாள். நாற்பது நிமிடத்தில் முடிந்தது. முந்தின இரவின் பிழையைத் திருத்தி டாஷியைப் பற்றிச் சொல்லியிருந்ததால், அத்தைக்குத் தனியாக வெந்நீரில் மிசோ கரைத்துக் கொடுத்தார்கள். இரவு விருந்துக்கு ஆகும் செலவில் பாதிகூட ஆகாமல், காலைச் சாப்பாட்டோடு மட்டும் தங்கும் திட்டம் சில ரியோகான்களில் இருக்கிறது. ஆறு வயதுக்குக் கீழே பிள்ளைகள் உள்ளவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். மரபுச் சாப்பாடு என்ற பெயருக்கு அது எந்த வகையிலும் குறைவில்லை.

கோயா மலையில் துறவிகளின் சாப்பாடு

இதற்கு முன், நான்காம் நாள் கோயா மலைக்குப் போயிருந்தோம். கூகாய் என்ற துறவி 816ல் நிறுவிய இடம். கிட்டத்தட்ட 800 மீட்டர் உயரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கோயில்கள், அவற்றில் ஐம்பது போலப் பயணிகளைத் தங்க வைக்கின்றன. ஒசாகா நம்பாவிலிருந்து நான்காய் ரயிலில் கோகுராகுபாஷி வரை போய், அங்கிருந்து மலையேறும் கேபிள் காரில் ஐந்து நிமிடம். அந்தச் செங்குத்தான ஐந்து நிமிடத்துக்காகவே பிள்ளைகளை அழைத்துப் போகலாம்.

அங்கே கிடைப்பது ஷோஜின் ரியோரி. இறைச்சி, மீன் இல்லை. வெங்காயம், பூண்டு வகைகளும் இல்லை. டாஷியைக் கொம்புப் பாசியிலும் காய்ந்த ஷீடாகே காளானிலும் இறக்குகிறார்கள். 1908ல் இகேதா கிகுனாயே என்ற வேதியியலாளர் உமாமி என்ற சுவையைப் பிரித்தறிந்ததே இந்தக் கொம்புச் சாற்றிலிருந்துதான். அதனால் மீன் இல்லாத சாறு என்றாலும் சப்பென்று இருக்காது. எங்களுக்கு ஐந்தரைக்குச் சாப்பாடு. எங்கள் அறைக்குப் பக்கத்து அறையிலேயே, ததும்பும் அமைதியில், சிவப்பு அரக்குப் பூசிய குட்டைக் கால் தட்டுகள் ஆளுக்கு இரண்டாக வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. எல்லாமே ஏற்கெனவே பரிமாறி முடிந்திருந்தது. காத்திருக்க வேண்டியதே இல்லை.

அந்தத் தட்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரம்தான். நாற்காலி, பூஸ்டர் எதுவும் தேடாமல் மூன்று வயதுப் பிள்ளை சம்மணமிட்டு உட்கார்ந்தால் கிண்ணங்கள் சரியாகக் கண் பார்வைக்குள் வரும். தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது நம் பிள்ளைகளுக்குப் புதிதும் இல்லை. கோமா டோஃபு என்று ஒன்று. எள்ளை அரைத்துக் கூழாக்கி, குட்சு என்ற கிழங்கு மாவோடு கிண்டி உறைய வைப்பது. கரண்டியால் தொட்டாலே நடுங்கும், வாயில் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். சின்னவன் தன்னுடையதையும் என்னுடையதையும் முடித்துவிட்டு அப்பாவின் கிண்ணத்தை நோக்கி நகர்ந்தான். கோயா டோஃபு இந்த மலையின் பெயராலேயே வழங்குவது. உறையவைத்துக் காயவைத்த டோஃபு, இனிப்பான சாற்றை உறிஞ்சிக்கொண்டு பஞ்சு போல இருக்கும். கடித்தால் சாறு பீறிடும். பெரியவளுக்கு அது. காய்கறி டெம்புரா இருவருக்கும். மரத் தொட்டிச் சோற்றை எத்தனை தடவை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். எள் ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால் மட்டும் கோயிலுக்கு முன்பே தெரிவித்துவிடுங்கள்.

அத்தை அன்று எல்லாக் கிண்ணத்தையும் காலி செய்தார். ஜப்பானுக்கு வந்து நான்கு நாளில், “இதுல என்ன போட்டிருக்கு?” என்று கேட்காமல் அவர் சாப்பிட்ட முதல் சாப்பாடு அதுதான். தன் தட்டிலிருந்து பேரனுக்கு ஊட்டியும் விட்டார். பின்னால் ரியோகானில் நடக்காமல் போனது, இங்கே யாரும் திட்டமிடாமல் தானாக நடந்தது. எல்லோர் தட்டிலும் ஒரே சாப்பாடு இருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இங்கேயும் கவனிக்க வேண்டியவை உண்டு. அறைகளுக்கு நடுவே சுவர் கிடையாது, காகிதமும் துணியும் ஒட்டிய நகர்த்துக் கதவுதான். பிள்ளை இரவில் அழுதால் பக்கத்து அறைக்குக் கேட்கும். கழிப்பறை பொதுவாக இருக்கலாம், குளிர்காலத்தில் மலை நடுங்க வைக்கும். காலை ஆறு மணிக்கோ ஆறரைக்கோ வழிபாடு, அதற்குப் பிள்ளைகளை எழுப்பலாமா என்பதை அன்றைக்குப் பார்த்து முடிவு செய்யுங்கள். நாங்கள் மாறி மாறிப் போனோம். மிகச் சின்னப் பிள்ளைகளை ஏற்காத கோயில்களும் இருக்கலாம், கேட்டுக்கொண்டு பதிவு செய்வது நல்லது.

கியோட்டோவில் நாபே

கைசெகியிலும் கோயில் சாப்பாட்டிலும் ஆளுக்கொரு தட்டு. நம் வாழை இலை மாதிரி, அவரவர் எல்லைக்குள் அவரவர் சாப்பாடு. நாபே அதற்கு நேர் எதிர். நடுவில் ஒரே பானை, கொதித்துக்கொண்டே இருக்கும், எல்லோரும் அதிலிருந்து எடுத்துத் தங்கள் குட்டிக் கிண்ணத்தில் போட்டுக்கொள்வார்கள். குளிர்கால இரவுகளில் ஜப்பானிய வீடுகளில் இதுதான். பகிர்ந்து சாப்பிடுவது என்ற சொல்லுக்கு நேரடியான பொருள் இங்கேதான் கிடைக்கிறது.

கியோட்டோவில் நான்ஜென்ஜி கோயிலைச் சுற்றி யுடோஃபு உணவகங்கள் பல இருக்கின்றன. தண்ணீரில் ஒரு துண்டு கொம்பு, அதில் சூடாகும் டோஃபு, அவ்வளவுதான். தொட்டுக்கொள்ளும் சாற்றில் மீன் இருக்கும் என்பதால் அத்தைக்கு வெறும் சோயா சாஸ் கேட்டு வாங்கினோம். மதியம் பதினொன்றரைக்கே போனதால் தோட்டத்தைப் பார்த்த டடாமி அறை ஒன்று எங்களுக்கே கிடைத்தது. இறைச்சி சாப்பிடும் குடும்பம் என்றால் ஷாபு ஷாபு. சாற்றில் இறைச்சித் துண்டை அலசி எடுப்பது, அந்தப் பெயரை 1952ல் ஒசாகாவின் சுயெஹிரோ உணவகம் வைத்தது. பல கிளைகள் உள்ள ஷாபு ஷாபு கடைகளில் தீ இல்லாத மின் அடுப்பு மேசைக்குள்ளேயே பதிந்திருக்கும். பள்ளிக்குப் போகாத வயதுப் பிள்ளைகளுக்குக் கட்டணம் வாங்காத கடைகளும் உண்டு.

இங்கேதான் பெரியவள் ஒரு பாடம் கற்றாள். நான் குச்சியில் டோஃபுவை எடுத்து நீட்ட, அவள் தன் குச்சியை நீட்டி வாங்கப் போனாள். பரிமாறிய பெண் சிரித்துக்கொண்டே நடுவில் ஒரு குட்டித் தட்டை வைத்தார். குச்சியிலிருந்து குச்சிக்கு உணவைக் கைமாற்றுவது அங்கே கூடவே கூடாது. உடலை எரித்த பிறகு எலும்புகளை அப்படித்தான் குச்சியால் கைமாற்றிக் கலசத்தில் இடுகிறார்கள். சோற்றில் குச்சியை நட்டு வைப்பதும் இறந்தவர்களுக்குப் படைக்கும் முறை. பிள்ளைகளோடு பகிர்ந்து சாப்பிடப் போகிறவர்கள் உட்கார்ந்ததும் ‘தோரிசாரா’ கேளுங்கள், அதுதான் பகிர்வதற்கான குட்டித் தட்டு. நான் எடுத்து அதில் வைக்க, அவள் அதிலிருந்து எடுக்க, அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

நாபேயில் ஒரே பயம் சூடு. பானையைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைக்க நான்கு பேர் மேசையில் இடம் போதாது. பெரியவர் ஒருவர் முழு நேரமும் சின்னவன் பக்கம் உட்கார வேண்டும். டோஃபு வெளியே ஆறியது போலத் தெரிந்தாலும் உள்ளே கொதிக்கும். இரண்டாகப் பிளந்து வைத்துக் கொஞ்சம் பொறுத்துத்தான் கொடுக்க வேண்டும்.

சுழலும் சுஷியும் பென்டோவும்

சுழலும் சுஷி ஒசாகா பக்கத்துச் சரக்கு. ஷிராய்ஷி யோஷியாகி என்பவர் 1958ல் ஹிகாஷி ஒசாகாவில் முதல் கடையைத் திறந்தார், பீர் ஆலையில் பாட்டில்கள் நகரும் பட்டையைப் பார்த்து வந்த யோசனையாம். வார இறுதியில் ஜப்பானியக் குடும்பங்களே பிள்ளைகளோடு குவிவது இங்கேதான். உட்கார்ந்த பிறகு காத்திருப்பு இல்லை, திரையில் தொட்டால் தட்டு வந்து நிற்கும், வசாபியைத் தனிப் பொட்டலமாக வைத்துவிடுகிறார்கள். குரா சுஷியில் ஐந்து தட்டைக் குழிக்குள் போட்டால் பொம்மை கிடைக்கக்கூடிய ஒரு விளையாட்டு வேறு. சுஷியைக் கையால் எடுத்துச் சாப்பிடுவதும் முறைதான் என்பதால் குச்சித் தொல்லையும் இல்லை. முதல் நாள், நேரம் புரியாத அந்த நாளில், பிற்பகல் மூன்று மணிக்கு நாங்கள் போனது இங்கேதான். நன்றாகச் சாப்பிட்டார்கள். ஆனால் ஆளாளுக்குத் திரையைப் பார்த்து ஆளாளுக்கு ஒன்று சாப்பிட்டோம். அத்தைக்கு வெள்ளரிக்காய் சுருள் மட்டும்தான். இனாரி என்ற சுஷியில் சோற்றைப் பொதியும் பொரித்த டோஃபுகூட மீன் சாற்றில் ஊறியிருக்கும். நல்ல சாப்பாடு, நான் தேடிய சாப்பாடு இல்லை.

பென்டோவை நான் கணக்கிலேயே எடுத்திருக்கவில்லை. கியோட்டோ ரயில் நிலையக் கடையின் அடித்தளத்தில் வாங்கி, ஹக்கோனேக்குப் போகும் வழியில் உள்ள ஒடவாராவுக்கு ஷின்கான்சென் அதிவேக ரயிலில் போகும் இரண்டு மணி நேரத்தில் பிரித்தோம். மகுனோஉச்சி என்ற வகை, எடோ காலத்தில் (17-19ஆம் நூற்றாண்டு) நாடகத்தின் இடைவேளையில் சாப்பிட உருவானது. சிறு சோற்றுக் கட்டிகள், சுட்ட மீன், முட்டைச் சுருள், ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை. சிறிய அறைகளில் உள்ளதைப் பிள்ளைகள் பயமில்லாமல் தின்று பார்ப்பார்கள், அளவு குறைவு என்பதால் தைரியம் வருகிறது. ரயிலே ஆடும்போது பிள்ளை ஆடினால் யாருக்கும் தொந்தரவில்லை. எல்லோருடைய பெட்டியும் நடுவில் திறந்திருக்க, பெரியவள் எல்லோரிடமும் ஒவ்வொன்று வாங்கினாள்.

இனி போகிறவர்களுக்கு

ஒரே ஒரு வேளைக்குத்தான் பணமும் நேரமும் இருக்கிறது, வீட்டில் சைவர் இருக்கிறார் என்றால் யோசிக்காமல் கோயா மலை. ஆனால் முதல் இரண்டு நாளில் வேண்டாம். மலைக்குப் போக வழியில்லை, பிள்ளைக்கு நாலு வயதாவது ஆகிவிட்டது என்றால், தனியறை கிடைக்கும் நாபே கடையில் மதியச் சாப்பாடு. இரவைவிட மதியத்தில் விலையும் குறைவு, பிள்ளையும் தெளிவாக இருக்கும். நடக்கப் பழகும் வயதுப் பிள்ளை என்றால் கொதிக்கும் பானை வேண்டாம், ரியோகான் காலைச் சாப்பாடு போதும். கைசெகி இரவு விருந்தை 8, 9 வயது வரை தள்ளி வைக்கலாம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் எது எந்தப் பருவத்தைக் காட்டுகிறது என்று பேசிக்கொண்டே சாப்பிடும் வயதில் அது மறக்க முடியாததாக இருக்கும். இப்போதே போய்த்தான் ஆக வேண்டும் என்றால் 70 விழுக்காட்டைத் தேர்ந்தெடுங்கள், குளியலைச் சாப்பாட்டுக்குப் பின்னால் வையுங்கள்.

மூன்று வருடம் கழித்து அதே ஹக்கோனேக்குப் போவதாக இருக்கிறோம். முன்பதிவில் எழுத வேண்டியதை இப்போதே எழுதி வைத்திருக்கிறேன்: ‘பெரியவர்கள் மூன்று பேர், பிள்ளைகள் இரண்டு பேர். பிள்ளைகளுக்கும் எங்கள் சாப்பாடே, அளவு குறைத்து. சோற்றை முதலில் கொண்டுவரவும். ஒருவருக்கு இறைச்சி, மீன், முட்டை, கட்சுவோ டாஷி எதுவும் கூடாது, கொம்பு டாஷி சரி. தோரிசாரா ஐந்து.’